மூன்றாம் அறையில் ஐந்து நிமிடம்

லுசெட் தீபோடோவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆற்றுக்கு அக்கரையில் கனடா, இக்கரையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு வயல்கள், அவற்றின் நடுவே ஊரின் ஒரே வெளிநோயாளர் கிளினிக். அங்கே அவள் மருத்துவ உதவியாளர். யாராவது நர்ஸ் என்று கூப்பிட்டால் நின்று திருத்திவிட்டுத்தான் நகர்வாள். கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையில் பதினெட்டு வருஷம் நின்று முழங்கால் தேய்ந்த பிறகு, நாற்பதாவது வயதில், தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து வாங்கிய சான்றிதழ் அது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு முறை புதுப்பித்துவிட்டாள்.

படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போனதே அவளுக்குத் தெரியவில்லை என்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன, வாய் இருக்கிறது. தெரியாமல் எப்படிப் போகும்? தெரிந்துதான் போனது.

நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, எடை பார்ப்பது, கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் எடுப்பது, ரத்தம் எடுப்பது, மாத்திரைகளைக் கேட்டு எழுதுவது எல்லாம் அவள் வேலை. எண்ணை எழுதலாம். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லக்கூடாது. அது டாக்டரம்மா ஹாஸ்கெல்லின் பாடு.

ரோசேர் பெல்த்தியே பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். அறுபத்தொரு வயது. மனைவி போய் ஆறு வருஷம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார், மூன்றாம் அறையில் உட்காருவார். முதல் தடவை எடுத்த எண் ஏறியிருந்தால் பாதத்தைத் தரையில் வைத்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்பது விதி. மற்ற நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு லுசெட் வேறு வேலைக்குப் போய்விடுவாள். ரோசேர் வந்தால் மட்டும் அந்த அறையில் அவளுக்கு வேலை முளைக்கும். ஏற்கெனவே அடுக்கிய கையுறைப் பெட்டிகளை மறுபடி அடுக்குவாள்.

"வாயைத் திறக்கலாமா?" என்று அவர் கேட்பார்.

"கூடாது. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

"என் பஸ்ல நாப்பது பிள்ளைங்க இருக்கு. ஒண்ணுகூட இவ்வளவு கண்டிப்பா என்னை அடக்கினதில்லை."

"அதான் எண் இறங்க மாட்டேங்குது. பேசாதீங்க."

அப்புறம் இருவரும் பேசாமல் இருப்பார்கள். அவருடைய சட்டையில் டீசல் வாசனையும், அந்த ஊரில் அப்பம் சுடும் பக்வீட் மாவு வாசனையும் வரும். தனியாகத்தான் சுட்டுச் சாப்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவளுக்கு மனசு கிடந்து தவிக்கும். அந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அவள் மூன்று மாதம் ஓட்டினாள். மிகையாகச் சொல்கிறேன் என்பீர்கள். அவளைப் போல் காத்திருந்து பாருங்கள், தெரியும்.

ஆகஸ்டில் எண் நூற்று அறுபத்து நான்கு. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது ஆகாது. பஸ் ஓட்ட உடம்பு தகுதி என்று தரும் கார்டை டாக்டர் மூன்று மாதத்துக்கு மட்டும் கொடுத்தார். நவம்பருக்குள் நூற்று நாற்பதுக்குக் கீழே வராவிட்டால் பஸ் கிடையாது. கூடவே இன்னொரு மாத்திரையும் எழுதினார்.

அக்டோபரில் ரோசேர் முகம் வெளுத்து வந்தார். "பஸ் படியில ஏறும்போது தலை சுத்திடுச்சு, லுசெட். நல்லவேளை, வண்டி நின்னுட்டிருந்துச்சு."

அவள் எடுத்தாள். நூற்று அறுபத்து இரண்டு. ஐந்து நிமிடம் முடிவதற்குள் வேறொருவருக்குத் தடுப்பூசி போட அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை இன்னொரு உதவியாளரான ஷெல்பி எடுத்தாள். நூற்று இருபத்து நான்கு. அதே கை, அதே மெஷின்.

ஷெல்பிக்கு இருபத்தாறு வயது, வாய்க்கு அறுபது. "ஒண்ணு மெஷின் பொய் சொல்லணும், இல்ல அந்த மனுஷன் நெஞ்சு உண்மை சொல்லணும். எனக்கு மெஷின் மேல சந்தேகம் இல்ல, லுசெட்."

"போய் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, லுசெட் அந்த இரண்டு எண்களையும் மறுபடி மறுபடி பார்த்தாள். அவருக்கும் அப்படித்தானா? இருக்குமா? சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது. இல்லாத வியாதிக்கு அவர் மாத்திரை விழுங்கித் தலை சுற்றி நிற்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வந்துகொண்டே இருப்பார், ஆனால் பஸ் போய்விடும். சொன்னால் பஸ் அவர் கையில் இருக்கும், மூன்றாம் அறை போய்விடும்.

அவள் டாக்டரிடம் போனாள். "இனிமே ரோசேருக்கு ஷெல்பி எடுக்கட்டும், டாக்டர்."

"ஏன்?"

"நான் எடுத்தா ஏறுது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கும்."

"அப்ப உன்னாலதான் ரெண்டு வருஷமா அவருக்கு மாத்திரை எழுதிட்டிருக்கேனா!" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். புது மாத்திரை அன்றே நின்றது.

நவம்பரில் ஷெல்பி எடுத்தாள். நூற்று இருபத்து ஆறு. முழு வருஷக் கார்டு கிடைத்தது. இரண்டு வாரம் வீட்டில் பிரஷர் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும், இனி அடுத்த வருஷம் வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். எண் ஏறினால் காரணத்தையும் பக்கத்தில் எழுதவேண்டும். லுசெட் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து பார்த்தாள். ரோசேர் நடைவழியில் நின்று மூன்றாம் அறையை எட்டிப் பார்த்தார், பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ஒரு வருஷம். அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ஃபோன் செய்தாள். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர் எழுதிய முடிவை அப்படியே சொல்லவேண்டியிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள், சந்தோஷம் என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டில் எழுதிய தாள் வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றுவது லுசெட் வேலை. நூற்று பதினெட்டு, காப்பிக்கு முன். நூற்று இருபத்திரண்டு, பஸ்ஸுக்குப் பின். வரிசையாக அழகாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை மட்டும் நூற்று ஐம்பத்தெட்டு. பக்கத்தில் பள்ளிப் பையன் மாதிரி கவனமான எழுத்தில், 'லுசெட் கூப்பிட்டாள்.'

அதையும் அப்படியே ஏற்றினாள். தாளில் இருப்பதைக் கூட்டவோ குறைக்கவோ அவளுக்கு உரிமை இல்லை. கட்டம் சிவப்பானது. நூற்று ஐம்பதுக்கு மேல் போனால் உதவியாளர் நோயாளியை ஃபோனில் விசாரிக்கவேண்டும்.

"ஷெல்பி, நீ கூப்பிடேன்."

ஷெல்பி தோளுக்கு மேலாகத் தாளைப் படித்தாள். படித்துவிட்டு, "எனக்குக் கை வேலையா இருக்கு" என்று வெறும் கையை வீசிக்கொண்டு போய்விட்டாள்.

லுசெட் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ரோசேர், நான் லுசெட்…"

"தெரியுது. கொஞ்சம் இரு, கையில பிரஷர் பட்டை இருக்கு. கழட்டிடறேன்."