அடையாளத்துக்கு ஒரு கால்

அந்தத் தெருவில் முயலக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். மொட்டை மாடி முழுக்க இடுப்பு உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டுகள், அவற்றில் பெரிசும் சிறுசுமாக நூறு முயல்கள், மாடிப்படியெல்லாம் கேரட் தழை. பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தக் கறை படிந்த விரிப்புகளை அலசுகிறவள். கணவர் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, யாரோ கொடுத்த இரண்டு ஜோடியை வைத்துத் தொடங்கிய வேலை இது.

கொஞ்சுவதற்கு இல்லை, கறிக்கு. அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. ஆடு தின்பார்கள், கோழி தின்பார்கள், தலையையும் குடலையும்கூட விட மாட்டார்கள், முயல் என்றால் மட்டும் "ஐயோ பாவம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். பார்க்க வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள், குட்டியைத் தூக்கி மூக்கோடு உரசினார்கள், கீழே இறங்கியதும் நேராகக் கோழிக் கடைக்குப் போனார்கள். அடுத்த வீட்டுத் தையல்காரி எல்லோரையும்விட மோசம். "எப்படித்தான் உங்களுக்கு மனசு வருதோ முயலக்கா! அது கண்ணைப் பார்த்தா வெட்டத் தோணுமா?" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பாள்.

"ஏன், கோழிக்குக் கண்ணு முதுகிலயா இருக்கு?" என்பாள் முயலக்கா.

மனசு அவளுக்கும் இருந்தது. பெண் முயல் குட்டி போடுவதற்கு முன்னால் தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போடும். அதைப் பார்க்கிற போதெல்லாம் அவளும் ஒரு பழந்துணியைக் கிழித்துப் பெட்டிக்குள் போடுவாள். ஆனாலும் கறிக்கு வளர்க்கிறதுக்குப் பெயர் வைக்க மாட்டாள், அடுத்தவர் கையில் அறுக்கக் கொடுக்க மாட்டாள், விடிந்ததும் தானே ஒரு நொடியில் முடித்துவிடுவாள். இப்படி மரியாதையாக வளர்த்து மரியாதையாக அறுத்த கறியை, இன்னது என்று தெரிந்தே நாலு பேர் ருசித்துச் சாப்பிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் பூனைப் பேச்சு ஒன்று கிளம்பியது. தோலை உரித்துவிட்டால் முயலும் பூனையும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் தெருவில் கொளுத்திப் போட்டான். முயலக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு முயலிலும் ஒரு பின்னங்கால் பாதத்தை ரோமத்தோடு அப்படியே விட்டுவைத்தாள், பச்சைப் பிள்ளைகூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் அந்த வெள்ளைப் பாதத்தைப் பார்த்ததும், வாங்க வந்த ஒன்றிரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள்.

அப்போதுதான் தம்பி வந்தான், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். திறப்பதற்கு முந்தின நாள் அந்தக் கடையின் தரையை முழங்காலில் நின்று தேய்த்துக் கழுவியவளே அவள்தான்.

"வாரம் ஆறு குடு அக்கா, நான் ஓட்டிக் காட்டறேன். ஆனா ஒண்ணு, அந்தக் காலை எடுத்துடு. சமையல்காரன் அதைப் பார்த்தாலே மூஞ்சியைச் சுளிக்கிறான்."

"கால் இல்லேன்னா பூனைன்னு சொல்லிடப் போறாங்கடா."

"என் அக்கா என்ன குடுப்பான்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்டப் போய் அத்தாட்சி காட்டணுமா நீ?"

அந்த ஒரு பேச்சில் அவள் உருகிப் போய்விட்டாள். மறுநாளே நாலு பாதத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, சுத்தமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

திங்களும் வெள்ளியும் காலையில் கடையின் பின்வாசலில் கறியை வைத்துவிட்டு அப்படியே சலவைக்கூடத்துக்கு ஓடுவாள். அங்கிருந்து வெளியே வருவதற்குள் மதியச் சாப்பாடு முடிந்து கடையைச் சாத்தியிருப்பார்கள். ஞாயிறு அவளுக்கும் விடுமுறை, கடைக்கும் விடுமுறை. "என்னடா சொல்றாங்க?" என்று கேட்டால், "தட்டை வழிச்சுத் தின்னுட்டுப் போறாங்கக்கா" என்பான். எட்டு மாதத்தில் ஆறு முயல் பத்தானது. ஊர் மனசு மாறிவிட்டது என்று அவள் நம்பினாள். தையல்காரி சுவருக்கு மேலே முகம் சுளிக்கும்போதெல்லாம், இரு இரு, உனக்கும் ஒரு நாள் வரும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்த நம்பிக்கையில் வேலையை விட்டாள். "நல்லா யோசிச்சுக்கோங்க, திரும்பி வந்தா இடம் இருக்காது" என்றார் மேற்பார்வையாளர். "வர மாட்டேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள். பெயின்டரைப் பிடித்து, 'இங்கு முயல் கறி கிடைக்கும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை எழுதி வாங்கினாள். தம்பி கடையை ஒட்டி ஒரு மேஜை போட்டுப் பச்சைக் கறியும் விற்கலாம் என்று எண்ணம்.

வேலை இல்லாத முதல் திங்கட்கிழமை. காலையில் எப்போதும்போலப் பின்வாசலில் கறியை வைத்தாள். மதியம், செய்தித்தாளில் சுற்றிய பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக ராணி மாதிரி நுழைந்தாள். உட்கார இடமில்லாத கூட்டம். ஜன்னலோர மேஜையில் யார் என்கிறீர்கள்? தையல்காரி! எலும்பில்லாத வறுத்த துண்டுகளை ரசித்து மென்றுகொண்டிருந்தாள். வெளேரென்ற அந்த நெருக்கமான நாரைப் பார்த்ததுமே முயலக்காவுக்குத் தெரிந்துவிட்டது, தன் கைச் சரக்கு என்று. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அப்படி வா வழிக்கு!" என்று தையல்காரியின் தோளைத் தட்டினாள். "முயல் எப்படி இருக்கு?"

தையல்காரி வாய் நிறைய வைத்துக்கொண்டே சிரித்தாள். "சாப்பிடற நேரத்துல சும்மா இருங்க முயலக்கா. இது கோழி. உங்க தம்பி கடைக் கோழி மாதிரி ஊர்லயே கிடையாது, தெரியுமா?"

சுவரில் கரும்பலகை. சாக்பீஸில் எழுதியிருந்தது: சோறு, மீன், முட்டை, கோழி வறுவல். முயலக்கா மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள், கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தாள். முயல் எங்கேயும் இல்லை. கல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்த்துவிட்டிருந்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான்.

பேசாமல் திரும்பியிருக்கலாம். எட்டு மாதச் சந்தோஷத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக யாரால் முடியும்? "இது கோழியில்ல. என் முயல். காலையில நான் அறுத்துக் குடுத்தது" என்றாள்.

தையல்காரி வாயில் இருந்ததைத் தட்டிலேயே துப்பினாள். நாற்காலிகள் தரையில் இழுபட்டன. "என்னய்யா இது அநியாயம்?" என்று நாலு பக்கமும் குரல். எல்லா முகமும் கல்லாவைப் பார்த்துத் திரும்பியது. தம்பி எழுந்து நின்றான், நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு என்னங்க தெரியும்? உரிச்சுப் பொட்டலமா வருது. கோழின்னு சொல்லித்தான் குடுத்தா. கூடப் பிறந்தவளாச்சேன்னு நம்பி வாங்கினேன்."

யாரைச் சொல்கிறான் என்றே அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கல்லாவை நோக்கி ஓரடி வைத்தாள். "டேய்... நீதானேடா காலை எடுக்கச் சொன்னே?"

"எந்தக் காலு?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எந்தக் காலாம்! அடப்பாவி. காட்டுவதற்கு அவளிடம் ஒரு கால் இருந்ததா? அத்தனையையும் தன் கையாலேயே வெட்டிக் குழி தோண்டிப் புதைத்தவளாயிற்றே. "முயல்னு சொல்றதுகூட நிஜமோ என்னவோ, பூனையா இருக்கும்" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். தையல்காரி கைகழுவும் இடத்தில் ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். முயலக்கா பலகையைப் பிரிக்காமலே வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

அதற்குப் பிறகு சுவருக்கு மேலே தலை எதுவும் தெரியவில்லை. தெருக்குழாயில் அவள் வந்தால் பேச்சு நின்றது. வழி நெடுக முதுகுக்குப் பின்னால் 'மியாவ்' என்று சத்தம். பெற்ற பிள்ளைபோல வளர்த்தவன் ஒரு வார்த்தையில் அவளைத் திருடியாக்கிவிட்டான்.

வியாழக்கிழமை போன் வந்தது.

"கோவமா அக்கா? கடை கவுந்துடுமோன்னு பயத்துல வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். நீ மனசுல வச்சுக்காதே. இனிமே வேற இடத்துக் கோழின்னு வாசல்ல எழுதிப் போட்டுட்டேன், கூட்டம் திரும்ப வர ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு எப்பவும்போல அஞ்சு குடுத்துடு. ஆள் நடமாட்டம் இல்லாதப்போ பின்வாசல்ல வச்சுட்டுப் போயிடு."

பயந்துதான் போயிருப்பான், சின்ன வயசிலிருந்தே பயந்தாங்கொள்ளி என்று அந்தப் பாழாய்ப்போன மனசு அப்போதும் அவனுக்காக வாதாடியது.

"காலோட வேணுமா, கால் இல்லாமலா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. காலோடு என்று மட்டும் சொல்லியிருந்தால் அத்தனையையும் மன்னித்திருப்பாள்.

"கால் இல்லாமத்தான்க்கா," என்றான் தம்பி.

அவள் போனை வைத்தாள். முயல்களுக்குத் தழை போடுகிற நேரமாகியிருந்தது, மாடிக்குப் போனாள்.