ஜனாதிபதியின் வலது கை

ஜனாதிபதியை நான் இரண்டாவது முறை பார்த்தபோது, அவர் காலை பத்து மணிக்கே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, ஒரே மாதிரியான செங்கல் வீடுகள் நிறைந்த ஒரு தெரு. வெளியே தார் இளகும் வெயில். அவருடைய வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல, மடியில் கவிழ்ந்து கிடந்தது. பக்கவாதம் வந்தவர்களின் கைகளைப் பழையபடி வேலை செய்யப் பழக்குவது என் தொழில். வீடு வீடாகப் போய்ச் செய்கிறேன். முந்தின நாளே அலுவலகத்திலிருந்து வந்த தாளில் பெயரைப் பார்த்துவிட்டேன். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் முறை அவரைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா கணித ஆசிரியராக ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்த காலம் அது. நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. என் வகுப்புத் தோழிகள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். ஜனாதிபதி ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன். ஆசிரியராகி, தொழிற்சங்கத் தலைவராகி, வெள்ளைக்காரர் ஆட்சியில் சிறைக்குப் போய், பிறகு மக்கள் வாக்களித்து நாட்டின் தலைவரானவர். பதவிக்கு வந்ததும் பள்ளிக் கட்டணத்தை ஒழித்தார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டினார்; ஆசிரியர் போதாமல் எங்களைப் போன்றவர்களை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தார். எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு அவரே வந்தார். எனக்கு ஒரு அகராதியைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எனக்கு நல்ல கணித வாத்தியார் ஒருவர் ஒரு பட்டாளத்தைவிடப் பெரிது" என்றார். அந்த வாக்கியத்தை அப்பா நாற்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மூன்று வருடங்களில் அந்த மனிதர் வேறொருவராக மாறினார். அல்லது அவர் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்து, எங்களுக்குத் தெரிய மூன்று வருடங்கள் ஆயிற்றோ என்னவோ. அரசியல் சட்டத்தைத் திருத்தினார். எதிர்க்கட்சிகளைத் தடைசெய்தார். வகுப்பறைதோறும் அவருடைய படம் தொங்கியது. பிறகு மழை பொய்த்து, சோளமாவின் விலை ஏறியபோது, எங்கள் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் நகரத்தில் ஊர்வலம் போனார்கள். ஏழு பேரைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை விட்டுவிடும்படி பன்னிரண்டு ஆசிரியர்கள் கையெழுத்திட்டு ஜனாதிபதிக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார்கள். அதில் ஒரே வெளிநாட்டவர் அப்பா. "அவரும் ஒரு வாத்தியார்தானே, விளங்கிக்கொள்ளுவார்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பத்தாம் நாள் வகுப்பறைக்கே சிப்பாய்கள் வந்தார்கள். கரும்பலகையில் பாதிக் கணக்கு அப்படியே நின்றது. நாற்பத்தொரு நாட்கள் அப்பா எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. நாட்டைவிட்டுப் போக இரண்டு நாள் தவணை கொடுத்தார்கள். அம்மாவின் தம்பி ஹூஸ்டனில் இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தோம். சுண்ணக்கட்டியைப் பிடிக்க முடியாத அப்பா அதன்பிறகு ஒரு வகுப்பறைக்குள்ளும் போகவில்லை. ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றே ஓய்வு பெற்றார்.

இவ்வளவுக்கும் ஜனாதிபதியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "அவருக்குத் தெரிஞ்சிருக்காது பிள்ளை. கீழ இருந்தவங்கள் செய்த வேலை. எங்கட கடிதம் அவரிட்டப் போய்ச் சேர்ந்திருந்தா எல்லாம் வேற மாதிரி நடந்திருக்கும்." அம்மா இதைக் கேட்டால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். எனக்கும் கோபம் வரும். ஆனாலும் அந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டால் அவரிடம் வேறென்ன மிஞ்சும் என்று பேசாமல் இருந்துவிடுவேன். அம்மா காலமானபிறகு அவர் என்னோடு இருக்கிறார்.

ஜனாதிபதியை அவருடைய இராணுவமே கவிழ்த்தது. வைத்தியத்துக்காக வெளிநாடு போயிருந்தவர் திரும்ப முடியாமல் இரண்டு மூன்று நாடுகளில் தங்கி, முதுமையில் இங்கே இதய மருத்துவராக இருக்கும் மகளிடம் வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் எல்லோரும் அவரை 'மேன்மைதங்கிய ஜனாதிபதி' என்றுதான் அழைத்தார்கள். மகளும் அப்படியே. முதல்நாள் நான் வழக்கம்போல, இந்தக் கையால் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அநேகமானோர் கரண்டி பிடிக்க வேண்டும், சட்டைப் பொத்தான் போட வேண்டும் என்பார்கள். அவர், "கையெழுத்துப் போட வேண்டும்" என்றார். அவருடைய சுயசரிதை வரவிருந்தது. பிரதிகளில் அவரே கையெழுத்திட வேண்டுமாம்.

நோயாளியைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. நான் அதை மீறினேன். அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் வருந்தினேன். "என்னைப் பற்றிச் சொன்னனியோ?" என்று ஒவ்வொரு மாலையும் கேட்டார். கடைசியில், பழக்கிக்கொண்ட இடது கையால் ஒரு கடிதம் எழுதித் தந்தார். பரிசளிப்பு விழாவை நினைவூட்டி, நலம் விசாரித்து, ஒரு பக்கம். தன் விரல்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

ஐந்தாவது வாரம் அதை ஜனாதிபதிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"எந்தப் பள்ளி?"

சொன்னேன்.

"பன்னிரண்டு ஆசிரியர்கள்" என்றார் உடனே. "அதில் ஒருவர் வெளிநாட்டவர். அவர்தான் உன் தந்தையா?"

ஆம் என்றேன். "அவர்கள் எழுதிய கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா?"

"எனக்கு எழுதிய கடிதம் எனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் கையெழுத்தில்லாமல் அந்த நாட்டில் ஒருவரையும் பிடித்ததில்லை. சுற்றியிருந்தவர்கள் கெடுத்தார்கள், கிழவருக்கு ஒன்றும் தெரியாது என்று இப்போது என் ஆதரவாளர்களே எழுதுகிறார்கள். அதைவிட அவமானம் எனக்கு இல்லை. பட்டியல்களை நான்தான் வாசித்தேன். ஒவ்வொரு பெயரையும்."

"என் தந்தை அப்படித்தான் நம்புகிறார். தெரியாது என்று அவருக்கு ஒரு வரி சொல்லக்கூடாதா?"

"நான் முட்டாளாக இருந்தேன் என்று சொல்லச் சொல்கிறாயா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். "நேரம் போகிறது. தொடரலாமே."

இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன. நான் எழுந்து போகவில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினேன். மடக்கி நீட்டினேன்.

அன்று மாலை அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "வாசிச்சுக் காட்டினன் அப்பா. கேட்டுப்போட்டு நல்லாக் கவலைப்பட்டார். தனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னார். அப்ப எழுதின கடிதம் தன்னட்ட வரவே இல்லையாம்."

அப்பா என்னையே பார்த்தார்.

"தெரியாதெண்டு அவரே சொன்னவரோ?"

"ஓம் அப்பா."

"அவர் அப்பிடிச் சொல்லுற ஆளில்லையே பிள்ளை."

அப்பா உள்ளே வந்தார். மேசையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போனார். பட்டாளத்தைவிடப் பெரிய வாத்தியாரின் கதையை அதன்பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது வருடங்கள் அம்மாவாலும் என்னாலும் செய்ய முடியாததை என் ஒரு பொய் செய்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஏழு வாரங்கள் அந்த வீட்டுக்குப் போனேன். ஏன் என்று என் கணவர் கேட்டார். ஒருநாளாவது வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேனா, அல்லது தொழில் தர்மம் என்று பெயர் வைத்து என் கோழைத்தனத்தை மூடினேனா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஜனாதிபதி அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. கை மட்டும் தேறிக்கொண்டே வந்தது. முதலில் தடித்த பேனா, பிறகு மெல்லிய பேனா. முதலில் கோடுகள், பிறகு எழுத்துகள். பெருவிரல் நழுவும்போதெல்லாம் நான்தான் அதைச் சரியான இடத்தில் வைத்தேன்.

கடைசி நாள், வருகைத் தாளில் கையெழுத்திட வழக்கம்போல மகள் வந்தார். ஜனாதிபதி அவரை விலகச் சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினார். அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதி, கீழே நீளமாக ஒரு கோட்டை இழுத்து, அதன் நுனியை மேலே சுழித்து முடித்தார். நன்றாக இருந்தது. அப்பாவின் பெயர் இருந்த பட்டியலின் அடியிலும் அந்தச் சுழி இருந்திருக்கும்.

காரில் உட்கார்ந்து அறிக்கையை நிரப்பினேன். இலக்கு: நோயாளி தன் பெயரை எவர் உதவியுமின்றிக் கையெழுத்திடுதல். அதற்கு நேரே 'நிறைவேறியது' என்று எழுதி, அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன்.