பெருந்துறை வீட்டுக் கூடத்தில் ஓர் அம்மோனைட்

காலை ஆறே காலுக்குக் காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினேன். பெருந்துறை எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், எட்டரைக்கு இறங்கினேன். துடியலூர்ப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் சரசுவதியின் அண்ணன் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம்.

கூடத்துக்கு ராஜஸ்தானிலிருந்து மஞ்சள் கல் வரவழைத்துப் பதித்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது அந்தக் கல்லில் ஒரு சுருளைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், ஆட்டுக்கொம்பு போன்ற வளைவு, உள்ளே அறை அறையாகத் தடுப்பு. அம்மோனைட்! டைனோசர் காலத்துக் கடலில் நீந்தி, அவற்றோடு பூண்டோடு அழிந்த ஓட்டுப் பிராணி. விலங்கியல் டீச்சரான நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பட்டுப்புடவையோடு மண்டியிட்டு விரலால் தடவத் தொடங்கிவிட்டேன்.

“ஏனுங்க டீச்சர், என்னமோ உழுந்து போச்சுங்களா?” என்றார் சரசுவதியின் அண்ணி.

கூடமே என்னைப் பார்த்தது. கூச்சத்தில், “தோட்டுத் திருகாணிங்க” என்று சொல்லிவிட்டேன்.

ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேடினார்கள். ஜமுக்காளத்தை உதறினார்கள். “பரவால்லீங்க, விடுங்க” என்றேன், யாரும் கேட்கவில்லை.

“ராசாத்திதான் இப்ப இங்க கூட்டுனா” என்ற அண்ணன், எச்சிலிலை எடுத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார். “ஏம்புள்ள, மடிய ஒதறு.”

நாற்பது வயதுக்காரி. மறுபேச்சில்லாமல், எல்லார் முன்னாலும் மடியை அவிழ்த்து உதறினாள். வெற்றிலையும் ஒரு லட்டும் விழுந்தன. லட்டு உடைந்தது.

“ஒண்ணும் உழுகலீங்க! நான் பொய் சொல்லிப்போட்டேன். இந்தக் கல்லுக்குள்ள இருக்கற சுருளத்தான் பாத்துட்டிருந்தேன்” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அண்ணன் ராசாத்தியிடம், “செரி, போய் வேலையப் பாரு” என்றார். என் பக்கம் திரும்பி, “எத்தன கோடி வருசமுங்க இது?” என்று ஆர்வமாகக் கேட்டார். நான் பின்பக்கமாக நடந்தேன்.

கொல்லையில் ராசாத்தி அண்டா கழுவிக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்குங்க.”

“உடுங்க அம்மணி. நீங்க நெசத்தச் சொல்லாம பஸ் ஏறியிருந்தீங்கன்னா, இனி எந்த ஊட்டுலீங்க என்னைய உள்ள உடுவாங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. அண்டாவிலிருந்து தலையையும் நிமிர்த்தவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா என் தாம்பூலப் பையைப் பார்த்து, “விசேசம் நல்லபடியா ஆச்சுங்களா?” என்றார்.

“ஆச்சுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விஜயமங்கலம் போயிற்று, செங்கப்பள்ளி போயிற்று. அவினாசி வரை அந்த அம்மாவின் பக்கம் நான் திரும்பவேயில்லை.