ரோபோவுக்குக் கண் திறத்தல்

எங்கள் ஊரில் பெயிண்ட் காயாது. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் நம்பியதில்லை. வீடியோ போட்டுச் சொல்லித்தருகிற மகராசன்கள் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து ஸ்ப்ரே அடியுங்கள் என்கிறார்கள். மரக்காணத்தில் எந்த நாளய்யா அது? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். துவைத்த சட்டையே போட்டுக்கொண்ட பிறகு உடம்புச் சூட்டில்தான் முழுசாகக் காய்கிறது. இதில் பளபளப்பை அடக்குவதற்கான கடைசிப் பூச்சை அடித்தால், கறுப்பு ரோபோ விபூதி பூசிக்கொண்டு நிற்கும். மாதக்கணக்கான வேலை ஒரே மூச்சில் வெளுத்துப் போகும். வயிறு எரியும்.

பிளாஸ்டிக் ரோபோ கட்டுவது என் பொழுதுபோக்கு. பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாக பிளாஸ்டிக் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் விரல், முழங்கை, தோள்பட்டை, கவசம் என்று பொடிப்பொடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டரால் நறுக்க வேண்டும். நறுக்கிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பொருத்தி, பெயிண்ட் அடித்து, கவசத்தின் இடுக்குகளில் மெல்லிய பேனாவால் கோடு இழுக்க வேண்டும். சாண் உயரம்தான் நிற்கும். அதைப் பார்க்கும்போது மனசுக்குள் வருகிற சந்தோஷத்தை எனக்கு விளக்கத் தெரியாது. விளக்கவும் மாட்டேன். கிரிக்கெட் பார்க்கிறவனை யாராவது விளக்கச் சொல்கிறார்களா?

நான் கோட்டக்குப்பத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்காரரை பாய் என்று கூப்பிடுவோம். அவருடைய மச்சான் துபாயிலிருந்து பாயின் குழந்தைக்கென்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்த குழந்தை, ரோபோ உள்ளே இல்லை, துண்டுதான் இருக்கிறது என்று அழுதிருக்கிறது. பாய் அதை என் மேசையில் வைத்தார்.

"ஏம்பா, நீதான் கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூவெல்லாம் மாட்றியே, இதையும் மாட்டிப் பாரு."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இப்போது வீட்டு அலமாரி முழுக்க ரோபோ. தெருவில் எல்லோரும் கிண்டல் அடிப்பார்கள். "பொண்ணு பாருடான்னா பொம்ம பாத்துகினு கெடக்கிறான்" என்று எதிர்வீட்டு அண்ணன் என் காதுபடவே சொல்வார். சொல்லட்டும்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அக்காவைக் கூனிமேட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். வந்த மறுவாரமே உப்பளத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் என் ரோபோக்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தின்னர் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று கத்துவாள். ஒருநாள் நான் கட்டி முடித்த ஒன்றை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது, மூஞ்சி செத்தமாதிரி கெடக்குது?"

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். ரோபோவின் கண் என்பது அரிசியில் பாதி. அதற்குப் பெட்டியிலேயே ஸ்டிக்கர் வரும், ஒட்டினால் கோணிக்கொள்ளும். நான் பிரஷ்ஷால் முயன்றால் கன்னமெல்லாம் மஞ்சளாகும். அக்கா என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள். இரண்டு தொடல். அவ்வளவுதான். அந்த பிளாஸ்டிக் என்னைப் பார்த்தது.

கை அப்படிப்பட்ட கை. உப்பு வாரும் பலகை, பாத்தியின் அடியில் இருக்கும் சேற்றைத் தொடக்கூடாது. தொட்டால் உப்பு அழுக்காகிவிடும், மேஸ்திரி திட்டுவார். மேலே படிந்த உப்பை மட்டும் இழுக்க வேண்டும். நாள் முழுக்க அதைச் செய்கிற கைக்குப் பிரஷ் ஒரு பாரமா?

அன்றிலிருந்து கண் அவள் பொறுப்பு. அதற்கு ஒரு சட்டமும் போட்டாள். சின்ன வயதில் அய்யனார் கோயிலுக்குப் புதுக் குதிரை வந்தபோது குயவர் கடைசியாகத்தான் கண் திறந்தாராம், எதிரே ஒருவரையும் நிற்க விடவில்லையாம். ஆகவே ரோபோவுக்கும் கண் கடைசியில்தான். உடம்பு முழுக்க முடிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்காருவாள். "முன்னாடி நிக்காதடா, மொதப் பார்வ உம்மேல வுழுந்துடும்" என்று என்னை விரட்டிவிட்டு, எதிரில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு திறப்பாள். ஜப்பான்காரன் செய்த பொம்மைக்கு அய்யனார் குதிரை மரியாதை. நான் சிரிப்பேன். ஆனால் எட்டித்தான் நிற்பேன்.

சிரித்த கதை இன்னொன்றும் உண்டு. துருப்பிடித்த ரோபோ செய்ய ஒரு வித்தை இருக்கிறது. துரு நிறம் அடித்து, காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்து, அங்கங்கே கல் உப்பைத் தூவி, அதன்மேல் வேறு பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு உப்பைத் தட்டிவிட்டால், பெயிண்ட் உதிர்ந்து துரு தெரிகிற மாதிரி வரும். உப்பா? எங்களுக்கா பஞ்சம்? அக்கா பாத்தியிலிருந்து அன்றைக்கு வாரிய உப்பையே ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். தூவினோம், அடித்தோம். மறுநாள் பார்த்தால் உப்பு அழுதுகொண்டிருக்கிறது. பாத்தி உப்பு பாக்கெட் உப்பு மாதிரி இல்லை, காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பெயிண்ட் வழுக்கிக்கொண்டு இறங்கி, ரோபோ காலடியில் குளம் கட்டி நின்றது.

"கடையில பாக்கெட் உப்பு வாங்கியிருக்கலாமேக்கா" என்றேன்.

"அடப் பாவி, உப்பளத்துல பொறந்துட்டு பாக்கெட் உப்பா? மானம் போவும்டா."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த ரோபோவை எடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ஒயிலாகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அக்காவின் ஒரு கண்ணில் சதை வளர்ந்திருந்தது. மூக்கின் பக்கமிருந்து கிளம்பி, வெள்ளையைத் தாண்டி, கருவிழியின் விளிம்பில் ஏறியிருந்தது. உப்பளத்தில் இது புதிது இல்லை. மேலே வெயில், கீழே உப்பிலிருந்து எதிரடிக்கிற வெயில், நடுவே உப்புக் காற்று. பாத்தியில் நிற்கிறவர்களில் பாதிப்பேருக்குக் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். அக்கா அதைக் கண் உறுத்தல் என்றே வைத்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். சதையை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா தன்மையாகத்தான் பேசினார்.

"வெயில்ல போகாதீங்க. காத்து படாம பாத்துக்குங்க. போனா கறுப்புக் கண்ணாடி போடாம போகவே கூடாது. இது திரும்பி வர்ற ஜாதி."

வெயிலும் காற்றும் இல்லாத உப்பளத்தை எங்கே போய்த் தேடுவது? கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். நல்ல கண்ணாடிதான். வேர்வையில் ஆவி பிடித்து, அதன்மேல் உப்பு படிந்து, அரைமணிக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருந்ததாம். துடைக்கிற கையிலும் உப்பு. கண்ணாடி கீறல் விழுந்து பாழாகிவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் "இன்னா ஹீரோயினு, ஷூட்டிங்கா?" என்று கேட்டதையும் அவளே சொல்லிச் சிரித்தாள். கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"இனிமே நீ வேலைக்குப் போவக்கூடாது. நான் சம்பாதிக்கிறது ரெண்டு பேருக்குப் போதும்."

"போதும்தான். நாளைக்கி நீ ஒருத்திய கட்டிகினு வருவ. அவ கையில சோத்துக்குத் தட்ட நீட்டிகினு நான் குந்தியிருக்கணுமா?"

"நான் கட்டிக்கவே மாட்டேன்."

"அத வேற என் தலையில போடுறியா?"

வேறு வேலை பார்க்கலாம் என்றேன். பாயிடம் சொன்னேன், தெரிந்த துணிக்கடையில் சேர்த்துவிட்டார். ஒரு வாரம் போனாள். நிற்க வைத்தே கொல்கிறார்கள், பேசக்கூட விடவில்லை, எனக்கு என் பாத்தியே போதும் என்று வந்துவிட்டாள். பூட்டி வைக்கவா முடியும்? நான் காலையில் கோட்டக்குப்பம் பஸ் ஏறும்போது அவள் அதற்கு முன்பே பாத்தியில் இறங்கியிருப்பாள். பஸ் ஜன்னலிலிருந்து உப்பளம் தெரியும். அந்தப் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன்.

சதை திரும்பி வந்தது. இந்த முறை இரண்டு கண்ணிலும், முன்னைவிட வேகமாக. மறுபடி எடுத்தார்கள். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. கொஞ்ச நாள் கழித்து வேறு சிகிச்சை பற்றி யோசிக்கலாம், ஆனால் பார்வை பழையபடி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். வெளியே வந்ததும் அக்கா ஜூஸ் கடை எங்கே என்று கேட்டாள். கடை எதிரிலேயே இருந்தது, பெரிய எழுத்தில் பலகை வேறு. கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அவள் ஜூஸ் குடித்தாள். என்னுடையதையும் அவளிடமே கொடுத்தேன்.

அந்த நேரத்தில் நான் ஒரு பெரிய ரோபோ கட்டிக்கொண்டிருந்தேன். முழ உயரம், முதுகில் இறக்கை, விரல்கள்கூடத் தனித்தனியாக மடங்கும். அதுவரை கட்டியதில் அதுதான் எனக்கு உசத்தி. கண்ணைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"இன்னிக்கி நாளு சரியில்ல" என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு தலைவலி. அதற்கடுத்த ஞாயிறு துணி துவைக்க வேண்டும். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் என்ன செய்ய? நானும் அவளோடு சேர்ந்து ஒத்திப்போட ஆரம்பித்தேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே, இன்னும் பெயிண்ட் காயவில்லை என்று நான் முந்திக்கொள்வேன். காய்ந்த தோள்பட்டையைக் கழற்றி மறுபடி தேய்ப்பேன். இழுத்த கோட்டை அழித்துவிட்டு மறுபடி இழுப்பேன். முடியாத ரோபோவுக்குக் கண் திறக்க வேண்டாம் இல்லையா? அவளும் "காயட்டும், காயட்டும்" என்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன மாசியில் ஒரு ஞாயிறு, நான் கேட்காமலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

"எடுத்துகினு வா அத. தொறந்துடலாம்."

"இன்னும் காயலக்கா."

"டேய். எத்தினி நாளைக்குடா காயாது?"

எடுத்து வைத்தேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்தேன். கடையில் போனுக்குள் பார்க்கிற பூதக்கண்ணாடியை அதற்காகவே கொண்டுவந்திருந்தேன், அதையும் பிடித்தேன். "இது எதுக்கு, இன்னும் மங்கலா இருக்குது" என்று தள்ளிவிட்டாள். பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்து விளிம்பில் வழித்தாள். கை துளி நடுங்கவில்லை. நேராக இறங்கியது. கன்னத்தில் இறங்கியது.

அவள் காத்திருந்தாள்.

"தள்ளிப்போச்சா?"

"கொஞ்சம்."

"தொடச்சிடு."

தின்னரில் துடைத்தேன். அடியில் இருந்த சாம்பல் நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. பரவாயில்லை என்றேன். மறுபடி வைத்தாள். இந்த முறை நெற்றி. மறுபடி துடைத்தேன். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரோபோவைச் சுவரில் அடித்திருப்பேன். யார் மேல் ஆத்திரம்? வெயில் மேலா? உப்பு மேலா? எதையாவது உடைத்தால் தேவலை போலிருந்தது.

"என் கையப் புடிடா" என்றாள்.

மணிக்கட்டைப் பிடித்தேன். உப்பு ஏறித் தடித்த தோல். அவள் கை அப்படியே நின்றது, என் கைதான் நடுங்கியது. "இன்னாடா, நீ ஆட்டற?" என்று அதட்டினாள். எப்படியோ கொண்டுபோய் வைத்தேன். ஒரு தொடல். பக்கத்தில் இன்னொன்று. திறந்துவிட்டது.

இடது கண் சரியாக இருந்தது. வலது கண் ஓர் இழை கீழே.

அக்கா பிரஷ்ஷைத் தின்னரில் அலசி, துணியில் துடைத்து, மூடி போட்டு வைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"எப்டி இருக்குது, சொல்லு."

"நல்லா இருக்குதுக்கா."

"அது எனக்குத் தெரியாதா? நான் வச்ச கண்ணு. எப்டி இருக்குதுன்னு சொல்லுடா."

சொன்னேன். கண் மஞ்சள் என்றேன். சுற்றிலும் கறுப்பு, அதனால் எடுப்பாகத் தெரிகிறது என்றேன். கவசம் கருநீலம், இறக்கையின் நுனி மட்டும் சிவப்பு, மார்பில் பொடிப்பொடி எழுத்து இருக்கிறது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முகம் ரோபோ பக்கம்கூட இல்லை, ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் இருந்தது. விரலை மடக்கி வைத்திருக்கிறேன் என்றேன். கால் கொஞ்சம் அகட்டி நிற்கிறது என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. கை எட்டுகிற தூரத்தில் அவளுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றாள், சிரித்த முகமாக. "மேல சொல்லு."