என்கூட கோடிங் படிச்ச புஷ்பா

புஷ்பா போய்ட்டா. நேத்து சாயங்காலம், ஆம்புலன்ஸ்ல, என் கையைப் பிடிச்சுக்கிட்டே… ஹார்ட் அட்டாக்.

எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்க நிறைய பேர் இந்த குரூப்லதான் இருக்கீங்க, அதான் எழுதுறேன்.

தஞ்சோங் கிளிங் ஓட்டல் ரிசெப்ஷன்ல என் பக்கத்துல நின்னவ அவ. போன வருஷம் ஓட்டலை மூடினதும் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சு.

அப்புறம் எத்தனை இன்டர்வியூ… எங்க போனாலும் முதல்ல வயசைத்தான் கேட்டாங்க. அவ புருஷனுக்கும் உடம்பு முடியல, மக இன்னும் படிக்கிறா. அழுதுட்டு இருந்தவ திடீர்னு சொன்னா, "கோடிங் படிப்போம்லா. கம்ப்யூட்டராச்சும் வயசு கேக்காம இருக்கும்."

அப்படித்தான் அலோர் காஜாவுல ஒரு கோடிங் கிளாஸ்ல சேந்தோம். எல்லாம் எங்க பிள்ளைங்க வயசுல. நாங்க பின்னால, ரெண்டு பேருக்கும் ஒரே லேப்டாப்.

ஒரு நாள் ஸார் ஒரு நம்பர் லிஸ்ட் குடுத்தாரு. எந்த நம்பர்ல நாலு வருதோ, அதையெல்லாம் தூக்குற ப்ரோக்ராம் எழுதணும்.

இவ சத்தமா சிரிச்சிட்டா. "நம்ம ஓட்டல்ல நாலு வர்ற ரூமே கிடையாதேடி! நாலுன்னா சாவுன்னு சீனங்க எடுக்க மாட்டாங்கன்னு விட்டுட்டாங்கல்ல?"

ஆனா ப்ரோக்ராம் ஓடல… ஓடுச்சு, தப்பா ஓடுச்சு. 14 போயிடும், பக்கத்துல இருக்கிற 24 அப்படியே நிக்கும். எனக்கு வெறுத்துப் போச்சு, லேப்டாப்பை மூடப் போனேன்.

இவ விடல. மேசையில விரலை வரிசையா வச்சுப் பாத்தா. "14-ஐ தூக்கினதும் 24 அந்த இடத்துக்கு வந்துடுதுடி. ப்ரோக்ராம் அந்த இடத்தை ஏற்கெனவே பாத்துட்டோம்னு அடுத்ததுக்குத் தாவிடுது. தூக்கவே வேணாம்… நாலு இல்லாததை மட்டும் புது லிஸ்ட்ல போடு."

போட்டோம். சரியா வந்துச்சு. கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் அழுதுட்டா. "இன்னும் நம்ம மண்டையில ஏறுதுடி…"

ரெண்டு வாரமா இடது கை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா. கிளினிக் போடின்னு கெஞ்சினேன். "வெறும் காத்துப் பிடிப்புடி. சனிக்கிழமை டெஸ்ட் முடியட்டும்லா. பாஸ் பண்ணாதான் ஸார் சொன்ன கம்பெனி இன்டர்வியூக்குக் கூப்பிடும்."

நேத்து கிளாஸ் பிரேக்ல மைலோ வாங்கிட்டுத் திரும்புறேன்… கீழ கிடக்குறா.

ஆம்புலன்ஸ்ல கண்ணைத் தொறந்தா. "ஸார்கிட்ட கேளுடி… டெஸ்ட்டைத் தள்ளி வைப்பாரா…" அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல.

இன்னிக்குக் காலைல ஸார் ஃபோன் பண்ணாரு. தள்ளி வச்சிட்டாராம்.

அவ மக கேக்குறா, "ஆன்ட்டி, அம்மா வலிக்குதுன்னு எங்ககிட்ட சொல்லவே இல்லையே?" நான் என்ன சொல்லுவேன்… யாராச்சும் சொல்லுங்களேன்.

நாளைக்குப் பத்து மணிக்கு அவ வீட்ல இருந்து எடுக்கிறாங்க. ஓட்டல்ல கூட வேலை செஞ்சவங்க வாங்க, ப்ளீஸ். எனக்குத் தனியா நிக்கத் தெம்பில்ல.

புஷ்பா… முடியலடி. நீ தூங்கு.