தாளத்தின் வால்

சூடேறும் தூசியின் வாசம். எங்கே அது மூக்கில் பட்டாலும் எனக்குச் சிட்னி வென்ட்வேர்த்வில் வீட்டின் முன்னறை ஞாபகம் வந்துவிடுகிறது. கூடவே ஒரு ஞாயிறு மத்தியானத்தின் பயமும்.

வாசத்துக்குச் சொந்தக்காரன் என் பழைய அம்பிளிபயர். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பாரம். போட்டுக் கொஞ்ச நேரத்தில் மூடியில் கை வைக்க முடியாது. உள்ளே ஓர் இரைச்சல், தூங்குகிறவரின் மூச்சுப் போல.

சிட்னிப் பிள்ளைகளின் அரங்கேற்றங்களுக்கு மேடை ஒலியைச் சரிசெய்கிறவன் நான். அண்ணையின் காது தப்பாது என்று ஒரு பேர் இருந்தது. அந்தக் காதைத்தான் கொஞ்ச நாளாக ஒளித்து வைத்திருந்தேன். ரயில் நிலையத்து அறிவிப்பு பாதி வரும், பாதி வராது. தொலைபேசியை இடப்பக்கம் மாற்றிப் பிடிக்கப் பழகியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும்.

மேடையில் எனக்குத் துணை நிற்கும் நண்பர், அன்று ஒரு டிஜிற்றல் அம்பிளிபயரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"கேட்டுப் பாக்கச் சொல்லிக் கடையில தந்தவை. நீங்கள் ஓம் எண்டால்தான் வீட்டுக்கு வாங்குவன், அண்ணை." குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் பக்கம் திரும்பி, "அக்கா, இதை இவர் எடுத்தாரெண்டால் உங்களுக்குத்தான் நட்டம். பழசின்ர சூட்டில அப்பளம் காயப்போடலாம், இதில ஏலாது!" என்றார்.

புதியதை என் ஒலிப்பெட்டிகளில் பொருத்தி, நானே பதிவு செய்த அரங்கேற்றம் ஒன்றின் சிடி இறுவட்டைப் போட்டோம். நட்டுவாங்கத் தாளம். இரும்பும் வெண்கலமும் மோதியபின் மெல்லிய வால் ஒன்று நீண்டு, நீண்டு கரையும். எந்தக் கருவியையும் அந்த வாலை வைத்துத்தான் அளப்பேன்.

தாளம் விழுந்தது. டக். வால் இல்லை.

"விழுங்குது," என்றேன். "டிஜிற்றல் இப்பிடித்தான். சூடுமில்லை, உயிருமில்லை."

"என்னத்தை விழுங்குது?" குசினியிலிருந்து மனைவி. "இஞ்ச வரைக்கும் கிணுகிணுக்குது!"

"பழசைப் போடும் ஐசே," என்று கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

சுவிட்ச் விழுந்தது. இரைச்சல் எழுந்தது. தூசி சூடேறி வாசம் வந்தது. தாளம் விழ, ஆ, வால் நீண்டது! அறை முழுக்க வெள்ளி நூலாக நீண்டது.

"பாத்தீரோ! இதெல்லோ சத்தம்!"

கண்களைத் திறந்தேன். ஒலிப்பெட்டி வயர்கள் இன்னும் புதியதில்தான் இருந்தன.

"அண்ணை," என்றார் தயங்கி, "சூடேறட்டும் எண்டு பழசைச் சும்மா போட்டனான். வயர் மாத்தேல்லை."

அப்படியென்றால் நான் கேட்டது எது? மூக்கு சொல்ல, ஞாபகம் வாசித்ததா?

தேநீரோடு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். தட்டை வைத்தாள். அடுத்த தாளம் விழுந்தபோது ஒரு விரலை உயர்த்தினாள். "கேக்குது... இன்னும் கேக்குது... இப்ப முடிஞ்சுது."

விரல் இறங்கியது. எனக்கு அது எப்போதோ முடிந்திருந்தது.

"நல்ல பெட்டி," என்றேன். குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "வாங்கும் ஐசே."

தேநீர் குடித்துவிட்டு நண்பர் புறப்பட்டார். வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டியவர், நிமிராமலே சொன்னார்:

"வாற சனி அரங்கேற்றத்துக்கு மிக்சரில நான் இருக்கிறன், அண்ணை. நீங்கள் முதல்ல டொக்டரிட்டக் காதைக் காட்டுங்கோ. போட்டு வாறன்."