பிரேக் பற்றி அண்ணன் கேட்டது

என் வீட்டு வாசற்கதவை ஒரு மரக்கட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய வேலமரத் துண்டு, டீசலும் மண்ணும் ஏறிக் கறுத்துப்போனது. அண்ணன் சிறுமலை பஸ் ஓட்டிய காலமெல்லாம் அது டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. மலையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும், ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும், தானே இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்கு அதை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். “ஏறுன கியர்லதான் எறங்கணும். ஏத்தம் இஞ்சின் பாடு, எறக்கம் டிரைவர் பாடு” என்பார். நூறு முறை கேட்டிருப்பேன். கேட்டேனே தவிர, காதில் வாங்கியதில்லை.

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். அண்ணன் ஓய்வுபெற்ற மறு வருஷம் அவருக்கு நுரையீரலில் புற்றுக்கட்டி வந்தது. முதலில் கொடுத்த மருந்துகளுக்கு அது மசியவில்லை. மதுரையில் ஒரு மருத்துவர், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டி மேல் ஏவிவிடும் ஊசி ஒன்று இருக்கிறது என்றார். அவர் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பேச, அண்ணனும் மதினியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விளக்கினேன். நம் ரத்தத்தில் டி செல் என்று காவல்கார அணுக்கள் உண்டு. அந்நியமான ஒன்றைத் தொட்டுப் பார்த்ததும் அவற்றுக்குள்ளே ஒரு செய்தி ஓடும். ஒரு புரதம் அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிட, அது அடுத்ததைத் தட்டியெழுப்ப, கடைசியில் செல் சண்டைக்குக் கிளம்பும். அதே செல்லின் மேற்பரப்பில் தடுப்பு ஏற்பிகளும் இருக்கின்றன. அவற்றை யாராவது அழுத்தினால், ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை அவை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும். செய்தி பாதி வழியில் அவிந்துவிடும். அதுதான் பிரேக். புற்றுக்கட்டி திருட்டுத்தனமாக அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊசி அந்த ஏற்பியை மூடி, மிதிக்க விடாமல் செய்கிறது. இவ்வளவையும் அழகாகச் சொன்னேன். அந்தப் பிரேக் நமக்கு எதற்காக வைக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் கேட்டார்: “அப்ப பிரேக்கப் புடுங்கிப்புட்டு வண்டிய விடுறாங்க. சரி தாயி, அது எங்க போயி நிக்கும்?”

“கட்டி மேல மோதித்தாண்ணே நிக்கும்” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: மருந்துச் சூடு. நம் ஊரில் அந்த ஒரு சொல்லுக்குள் எல்லா நோயும் அடங்கும், கண் எரிச்சல் முதல் மூலம் வரை. நானும் அதையேதான் சொன்னேன். பாடம் நடத்துகிற வாய் அது, வீட்டுக்குள் வந்ததும் ஊர் வாயாகிவிட்டது. “சூடுதாண்ணே, எளநி குடிங்க” என்று தினமும் கல்லூரி விட்டு வரும்போது இளநீர் வாங்கிப்போனேன். வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கலந்து என் கையாலேயே கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், மறைக்கிற ஆள் இல்லை அவர். நாலு தடவைக்கு மேல் போனால் உடனே கூப்பிடச் சொல்லி மருத்துவமனையில் ஒரு மஞ்சள் அட்டை தந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொடுத்துவைத்தார் மதினி. அது அத்தனை நாளும் என் கைப்பையில்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் அண்ணன் குளியலறையில் விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனபோது குடல் ஓட்டையாகியிருந்தது. பிரேக் இல்லாத அணுக்கள் சொந்தக் குடலையே தாக்கிவிட்டன என்று ஒரு இளம் மருத்துவர் சொன்னார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிப் பார்த்திருக்கலாம் என்றார். “அட்டை தரலையா மேடம்?” என்று கேட்டார். தந்தார்கள் என்றேன்.

அண்ணன் இறப்பதற்கு முதல் நாள்தான் ஸ்கேன் முடிவு வந்தது. கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததை, நல்ல சேதி கேட்டு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் மதினி.

இப்போது வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் தடுப்பு ஏற்பியிலிருந்துதான் தொடங்குகிறேன். அந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போகிறேன். பிள்ளைகள் குறித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் மதினி வந்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் துக்கம் விசாரித்தார். “மருந்துச் சூடுக்கா, தாங்கல. இந்தா, எங்க நாத்துனா படிச்சவ, காலேசுக்கும் போயிக்கிட்டு மோரும் எளநியுமாக் குடுத்து எம்புட்டோ பாத்தா” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார் மதினி. அட்டையில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, குனிந்து கட்டையைக் கதவுக்கு இறுக்கினேன். கதவு ஏற்கெனவே அசையாமல்தான் நின்றிருந்தது.